ஒரு கத்தலுக்கு ஒரு முட்டை

கருமடுக் குளத்தங்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. சரளைக்கற்களுக்கு நடுவே வெறுந்தரையில் நான்கு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. கூடு கட்டும் வழக்கம் அதன் குலத்தில் கிடையாது. கத்தும் வழக்கம்தான் உண்டு.

புல் அசைந்தால் கத்தும். சருகு நொறுங்கினால் கத்தும். "தித்தித்தூ! தித்தித்தூ!" என்று அது மேலே வட்டமடித்தால் போதும். தண்ணீர் குடிக்கிற மான்கள் தலையைத் தூக்கும். முயல்கள் புதருக்குள் பாயும். குரங்குகள் மரத்தில் ஏறும். 'பார்த்தவர் கத்த வேண்டும். யாருக்காக என்று கேட்கக் கூடாது' என்பது அந்தக் குளத்தின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன.

ஒருவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவர்தான் சிங்கராஜா.

அவர் என்ன செய்வார், பாவம்! பதுங்கிப் பதுங்கித்தான் வருவார். குளத்துக்கு இன்னும் இருபதடி இருக்கும்போதே "தித்தித்தூ!" என்று கேட்கும். போய்ப் பார்த்தால் தண்ணீரும் தவளையும்தான் இருக்கும். இப்படியே ஒன்பது நாள் பட்டினி கிடந்தார். பத்தாம் நாள் அவருக்குக் காட்டின் நலனைப் பற்றிய கவலை வந்துவிட்டது.

சபையைக் கூட்டினார்.

"நம்ம காட்டுல பீதி பெருகிப் போச்சு! ஒரு மான் நிம்மதியா நின்னு தண்ணி குடிக்க முடியுதா? பாதி குடிக்கும்போதே ஓட வேண்டியிருக்கு. என் மனசு கேட்கலை!" என்று சொல்லிக் கண் கலங்கினார்.

அவர் மானைப் பற்றிப் பேசும்போது வாயிலும் நீர் ஊறியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கே ஒரு துறை பிறந்தது. 'செய்தி மற்றும் கத்தல் துறை' என்று பெயர் வைத்தார்கள். மயிலார் அமைச்சரானார். அவர் தோகையை விரித்து நின்றால் பின்னால் நடப்பது எதுவும் வெளியே தெரியாது. அந்தப் பதவிக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஆமையார் செயலாளரானார். அவர் எதையும் அவசரப்பட்டுச் செய்துவிட்டதாக இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. செய்தி வாசிக்க மைனாக்களை வைத்தார்கள். சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்லும் குலம் அது.

முதல் ஆணை மறுநாளே வந்தது. துறையின் அனுமதி இல்லாமல் யாரும் கத்தக் கூடாது. கத்த விரும்புவோர் புரச இலையில் மூன்று பிரதி மனு எழுதித் தர வேண்டும். வருபவர் யார், எத்தனை கால், எந்தத் திசை, சாட்சிகள் இருவர் யார் யார் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் 'வருபவரின் விளக்கம்' என்று இருந்தது.

ஆள்காட்டிக்கு அது புரியவில்லை. நாவல் மரத்தடியில் இருந்த அலுவலகத்துக்குப் போனது.

"ஐயா, வருபவரின் விளக்கம்னா என்னங்க?"

ஆமையார் கழுத்தை மெல்ல வெளியே நீட்டினார். "ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் செய்தி சொல்வது தர்மமில்லையம்மா. வருகிறவர் எதற்காக வருகிறார் என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்க வேண்டும்!"

"பாய வர்றவர்கிட்டப் போய், 'எதுக்குப் பாயறீங்க?'ன்னு கேட்கணுமா?"

"மரியாதையாகக் கேட்க வேண்டும்!"

"மீறிக் கத்திட்டா?"

மயிலார் தோகையைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஒரு கத்தலுக்கு ஒரு முட்டை!"

ஆள்காட்டி தன் நான்கு முட்டைகளை நினைத்துக்கொண்டே குளத்தங்கரைக்குத் திரும்பியது. ஆனாலும் பிறவிக் குணத்தை ஒரே நாளில் மாற்ற முடியுமா? அன்று பிற்பகல் கோரைப்புல் லேசாக அசைந்தது. அதன் வாய் தானாகத் திறந்துவிட்டது. "தித்தித்தூ!"

மான்கள் தப்பின. சற்று நேரத்தில் மைனாக்கள் வந்தன. ஒரு முட்டையை உடைத்தன. "ஒத்துழைப்புக்கு நன்றி!" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுப் பறந்தன. ஆள்காட்டி உடைந்த ஓட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தது. மீதி மூன்று முட்டைகளின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் ஒரு புள்ளிமான் தன் இரண்டு குட்டிகளோடு குளத்துக்கு வந்தது. எதிர்க்கரைப் புல்லுக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன. ஆள்காட்டி வாயைத் திறந்தது. கீழே மூன்று முட்டைகளைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது.

தலைதெறிக்க நாவல் மரத்தடிக்குப் பறந்தது. "ஐயா! சிங்கம்! எதிர்க்கரையில! சீக்கிரம் அனுமதி கொடுங்க!"

"எத்தனை கால்?" என்றார் ஆமையார்.

"சிங்கத்துக்கு எத்தனை கால் இருக்கும்? நாலுதான்!"

"எண்ணிப் பார்த்தாயா, உத்தேசமாகச் சொல்கிறாயா?"

"ஐயா, குட்டிங்க தண்ணி குடிக்குதுங்க!"

"பதற்றப்படாதே. பதற்றத்தை ஒழிக்கத்தானே இந்தத் துறையே இருக்கிறது! சாட்சி இருவர் எங்கே?"

ஆமையார் முத்திரையைத் தேடி எடுத்தார். அதைச் சேற்றில் நனைத்தார். இலையை நேராக்கி வைத்தார். அப்போது குளத்துப் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மாலைச் செய்தியை மைனாக்கள் மரத்துக்கு மரம் பறந்து சொல்லின. "மான்குட்டி ஒன்று உறவினரைப் பார்க்க வெளியூர் சென்றுள்ளது! குளத்தங்கரையில் பூரண அமைதி நிலவுகிறது!"

தாய்மான் ஆள்காட்டியிடம் வந்து நின்றது. "ஏன் கத்தலை?" என்று கேட்டது.

"மனு கொடுத்தேன்க்கா..."

"மனுவா?"

ஆள்காட்டி தலையைக் குனிந்துகொண்டது. மான் அதன் வயிற்றுக்குக் கீழே தெரிந்த மூன்று முட்டைகளைப் பார்த்தது. பக்கத்தில் கிடந்த உடைந்த ஓட்டையும் பார்த்தது. திட்டவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் ஆள்காட்டிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மான் மிச்சமிருந்த குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அதன்பிறகு குளத்தங்கரையில் சத்தமே இல்லை. நாளுக்கொரு மானோ முயலோ 'வெளியூர்' போய்க்கொண்டிருந்தது. ராஜா கொழுத்தார். தொந்தி தரையைத் தொட்டது. 'கத்தலில்லாக் காடு' என்று விழா எடுத்தார்கள். மயிலாருக்கு 'அமைதித் தென்றல்' என்று பட்டம் கொடுத்தார்கள். விழாவுக்கு வந்த கூட்டம் போன வருஷத்தைவிடக் குறைவாக இருந்தது. எல்லோரும் வெளியூர் போயிருந்தார்கள் அல்லவா!

ஒருநாள் காலையில் நான்கு வேடர்கள் காட்டுக்குள் வந்தார்கள். குகையிலிருந்து குளத்துக்கு ராஜா நடக்கிற பாதையில், குளத்தங்கரையை ஒட்டி, ஆழமாக ஒரு குழி வெட்டினார்கள். மேலே மெல்லிய குச்சிகளைப் பரப்பிப் பச்சைத் தழையால் மூடினார்கள். வலையோடு போய்ப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். இத்தனையையும் ஆள்காட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

'விழட்டுமே!' என்றது ஒரு மனசு. மான்குட்டியின் அலறல் அதன் காதில் இன்னும் இருந்தது. ஆனால், யாருக்காக என்று கேட்கக் கூடாது என்பதல்லவா வழக்கம்? மூன்று இலைகளைப் பறித்து மனு எழுதிக்கொண்டு ஓடியது.

மனுவை மயிலாரே வாசித்தார். வாசித்ததும் அவர் கொண்டை ஆடியது.

"ராஜா நடக்கிற பாதையில் குழியா? ராஜாவின் ஆட்சியில் குழி இருக்கிறது என்று நாமே ஊரறியச் சொல்வதா? என் பதவி என்னாவது?"

"குழி இருக்குதுங்களே!"

"இருக்கட்டும். அதைச் சொல்ல வேண்டுமா? மேலே என்ன இருக்கிறது?"

"பச்சைத் தழைங்க."

"அதைச் சொல்வோம்! யார் பரப்பினார்கள்?"

"வேடர்ங்க! நாலு பேரு! வெளியூர்க்காரங்க!"

"வெளியூர் அன்பர்கள் என்று எழுதுங்கள்!" என்றார் மயிலார்.

ஆமையார் எழுதினார். "வருபவரின் விளக்கம் காலியாக இருக்கிறதே, ஐயா?"

"விளக்கம் வராதவரை நல்லெண்ணம் என்றே கொள்ளலாம்!"

அந்த ஒரு மனு மட்டும் அரை மணியில் முடிந்தது. மைனாக்கள் கூவின. "ராஜாவின் மெல்லடி நோகாதிருக்க, வெளியூர் அன்பர்கள் குளத்துப் பாதையில் பச்சைத் தழைக் கம்பளம் விரித்துள்ளார்கள்! இன்று மாலை ராஜா அதில் நடந்து சிறப்பிப்பார்!"

அதைக் கேட்டதும் ஆள்காட்டி எழும்பியது. நேரே குகைக்குப் பறந்தது.

"ராஜா! அது கம்பளமில்லை, குழி! போகாதீங்க!"

ராஜா பிடரி மயிரைக் கோதிக்கொண்டிருந்தார். "துறை அப்படிச் சொல்லலையே?"

"நான் கண்ணால பார்த்தேன்!"

"நீ பார்த்தா அது வதந்தி. துறை சொன்னாத்தான் செய்தி. போ, போய் முட்டையைப் பத்திரமாப் பார்த்துக்கோ!"

மாலையில் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மயிலார் தோகை விரித்து நடந்தார். அவருக்குப் பின்னால் ராஜா தொந்தி குலுங்க வந்தார். கம்பளத்தைப் பார்க்க மிச்சமிருந்த மான்களும் முயல்களும் பாதையோரம் கூடியிருந்தன. வராவிட்டால் அதற்கும் ஓர் ஆணை இருந்தது. தாய்மானின் மிச்சக் குட்டி பச்சைத் தழையைக் கண்டதும் குழிக்கு அருகிலேயே போய் மோப்பம் பிடித்தது. பாறைக்குப் பின்னால் வலை அசைந்தது.

ஆள்காட்டி தன் முட்டைகளைப் பார்த்தது. பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது. ஓட்டுக்குள்ளிருந்து 'கீச் கீச்' என்று குரல்கூடக் கேட்டது. மைனாக்கள் மேல்கிளையில் தயாராக இருந்தன.

அது கண்ணை மூடிக்கொண்டு எழும்பியது.

"தித்தித்தூ! தித்தித்தூ! தித்தித்தூ!"

பழைய குரல்! கால்களுக்கு ஆணையெல்லாம் மறந்து போயிற்று. மான்கள் தாவின. குட்டி ஒரே துள்ளலில் புதருக்கப்பால் போய் விழுந்தது. முயல்கள் மறைந்தன. பாதையில் மயிலாரும் ராஜாவும் மட்டும் நின்றார்கள்.

மயிலார் தழைமேல் ஏறி நடந்தார். இறகின் கனம்தானே! ஒரு குச்சிகூட முறியவில்லை. "பார்த்தீர்களா ராஜா! கம்பளம் எவ்வளவு மென்மை! குழியாம், குழி!"

ராஜா ஆள்காட்டியை அண்ணாந்து பார்த்து உறுமினார். "மூணு தடவை கத்தியிருக்கா! மூணு முட்டையையும் உடைங்க! உடனே உடைங்க!" என்று காலை ஓங்கித் தழைமேல் மிதித்தார்.

மடமடவென்று குச்சிகள் முறிந்தன. ராஜா குழிக்குள் கிடந்தார். மயிலார் 'கியாவ்!' என்று எழும்பிப் பறந்தார். பாய்ந்து வந்த வேடர் ஒருவரின் கையில் பாதித் தோகை சிக்கிக்கொண்டது. மீதியோடு அவர் எந்தக் காட்டுக்கு அமைச்சராகப் போனாரோ, தெரியவில்லை.

மைனாக்கள் முட்டைகளை நோக்கிப் பாய்ந்தன. அங்கே தாய்மான் நின்றுகொண்டிருந்தது. மூன்று முட்டைகளும் அதன் நான்கு கால்களுக்கு நடுவே இருந்தன.

"வாங்க! யாருக்கு முதல் உதை வேணும்?" என்றது மான்.

மைனாக்கள் குழியைப் பார்த்தன. மானின் குளம்பைப் பார்த்தன. "நாங்க சும்மா நலம் விசாரிக்கத்தான் வந்தோம்!" என்று சொல்லிக் கிளைக்குத் திரும்பின.

குழிக்குள்ளிருந்து ராஜா அலறினார். "ஆமையாரே! யானையைக் கூப்பிடுங்க! காடு முழுக்கச் செய்தி சொல்லுங்க!"

ஊர்வலத்தில் பின்தங்கி அப்போதுதான் வந்து சேர்ந்த ஆமையார் குழியின் விளிம்பில் எட்டிப் பார்த்தார். "உடனே சொல்லிவிடலாம், ராஜா! வேடர்களின் விளக்கம் மட்டும் வந்துவிடட்டும்!"

வலை வந்து விழுந்தது. ராஜா மேலே பார்த்தார். ஆள்காட்டி வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"ஏ ஆள்காட்டி! முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னேன், ராஜா! மூணு பிரதி!"

வேடர்கள் ராஜாவை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆள்காட்டி மானின் கால்களுக்கு நடுவே புகுந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. ஒரு முட்டையில் விரிசல் விட்டிருந்தது.

"இனிமே கத்துவியா?" என்று கேட்டது மான்.

"கத்துவேன்க்கா."

மைனாக்களுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அதனால் தெரிந்த செய்தியையே அன்று மாலையும் சொல்லின. "ராஜா உறவினரைப் பார்க்க வெளியூர் சென்றுள்ளார்! குளத்தங்கரையில் பூரண அமைதி நிலவுகிறது!" அந்தத் துறை தொடங்கியதிலிருந்து சொன்ன செய்திகளில் பாதியாவது உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

கெட்ட சேதி சொல்கிறவர் வாயைக் கட்டி வைத்தால், கேடு வரும் நாளில் முதலில் செவிடாவது கட்டியவரின் காதுதான்.