விழுங்காத வெள்ளணுக்கள்

லாரி ஓட்டுநர் கொளஞ்சிக்கு நுரையீரலில் சீழ் கட்டியிருந்தது. மருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிதாயத்துல்லா, நாற்பதைத் தாண்டியபின் ஆராய்ச்சிக்கும் வந்தவர். கொளஞ்சியின் சளியிலிருந்து கிருமியைப் பிரித்துச் சத்துக் கரைசலில் வளர்த்தார். தன் ரத்தத்திலிருந்தே வெள்ளணுக்களை எடுத்து அதோடு சேர்த்தார். நுண்ணோக்கியில் பார்த்தால், அணுக்கள் கிருமியை வாரி விழுங்கியிருந்தன.

கிருமி சாதுதான், கோளாறு கொளஞ்சியின் உடம்பில் என்று முடிவுகட்டி, கொளஞ்சியின் மனைவி செல்லக்கிளியிடமும் சொல்லிவிட்டார். தான் ஒழுங்காக ஆக்கிப்போடாததால்தான் இப்படியா என்று அவள் கேட்டாள்.

அந்தக் கேள்வி மனதை அரிக்கவே, தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை வான்மதியிடம் போனார். வான்மதி அவரைவிட வயதில் சிறியவர்.

"இவ்வளவு லேசான கிருமியை ஒரு உடம்பு ஏன் விழுங்க மாட்டேங்குது, மேடம்?"

எதில் வளர்த்தீர்கள் என்று மட்டும் கேட்டார் வான்மதி. பிறகு அவரைக் கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுத்தார். அது உறைந்ததும் மேலே தெளிந்து நின்ற சீரம் என்ற நீரை வடித்து, அதே கிருமியை அதில் விட்டார். நாளைக்கு வாருங்கள் என்றார்.

மறுநாள் ஹிதாயத்துல்லா மறுபடி தன் வெள்ளணுக்களைச் சேர்த்துப் பார்த்தார். கிருமிகள் அணுக்களைச் சுற்றி அப்படியே கிடந்தன. உள்ளே போனவை சொற்பம். மை கலந்து பார்த்தபோது, ஒவ்வொரு கிருமியும் அணுக்களுக்குப் பிடிகொடுக்காத தடித்த உறை போர்த்தியிருந்தது தெரிந்தது. சத்துக் கரைசலில் வளர்ந்ததில் அந்த உறை இல்லை. ஏதோ பிசகு என்று இன்னொரு முறை செய்தார். அதேதான்.

"என்னோட அணுக்கள்தான் மேடம். நேத்து விழுங்குச்சு. இன்னிக்கு முடியலை."

"அப்ப உங்க உடம்பிலயும் கோளாறா, டாக்டர்?"

அவர் எழுந்து வார்டுக்குப் போனார். மருந்தை மாற்றினார். சீழ் வடியக் குழாய் போட்டார். செல்லக்கிளியிடம், தான் சொன்னது தப்பு, அவள் மேல் ஒரு குறையும் இல்லை என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது.

கொளஞ்சி வீடு திரும்பிய பிறகு, ஹிதாயத்துல்லா மறுபடி வான்மதியிடம் வந்தார்.

"அப்ப நான் முதல்ல பார்த்தது பொய்யா, மேடம்?"

"பொய்யில்லை. நீங்க அதுக்கு விருந்து வச்சுட்டுப் பார்த்தீங்க, அதுக்கு உறை தேவைப்படலை. கொளஞ்சிகிட்ட அது உயிருக்குப் போராடிக்கிட்டிருந்துச்சு."