எல்லா மரமும் தெரிந்த இருவாச்சி

மலைக்காட்டின் தெற்குச் சரிவில் வானளாவ நின்றது ஒரு மரம். அதன் பொந்துக்குள் கொன்றை என்ற பெண் இருவாச்சிப் பறவை அடைபட்டிருந்தாள்.

அவளை யாரும் பிடித்து அடைக்கவில்லை. முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சிகள் பொந்துக்குள் போய், வாசலை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசித் தாங்களே மூடிக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். உள்ளே போனதும் பறக்கும் சிறகுகள் உதிர்ந்துவிடும். அவை மறுபடி முளைக்கும் வரை வெளியே வந்தும் பயனில்லை. ஆண் பறவை பழம் கொண்டுவந்து இடுக்கு வழியே கொடுத்தால்தான் தாயும் குஞ்சும் பிழைக்கும்.

கொன்றையின் கணவன் சேந்தன் நல்லவன். குஞ்சு பொரிந்த நாளிலிருந்து அவன் ஓய்ந்து உட்காரவில்லை. தொண்டை நிறைய அத்திப்பழங்களை அடக்கிக்கொண்டு வருவான். ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து நீட்டுவான். கொன்றை வாங்கிக் குஞ்சுக்கு ஊட்டுவாள். குஞ்சு விழுங்கியபடியே அடுத்ததற்குக் கத்தும். அந்தக் கத்தலைக் கேட்பதில் இருவருக்கும் அத்தனை சந்தோஷம்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. வழக்கமான மரங்கள் காய்க்கவில்லை. சேந்தன் கொண்டுவரும் பழங்கள் நாளுக்கு நாள் குறைந்தன.

தூரமாகப் போய்த் தேடிப் பார்க்கும்படி கொன்றை சொன்னாள். இவ்வளவு பெரிய மலையில் எங்காவது ஒரு மரம் காய்க்காமலா போகும் என்றாள். சேந்தனும் விடிந்ததும் கிளம்பினான். ஆனால் வழியிலேயே கருமந்திக் குரங்கைப் பார்த்துவிட்டான்.

கருமந்திக்குக் காட்டில் எல்லாரையும் தெரியும். எல்லாருக்கும் கருமந்தியைத் தெரியும். அது என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

திரும்பி வந்த சேந்தன், கருமந்தி சொன்னதையெல்லாம் இடுக்கு வழியே கொன்றைக்குச் சொன்னான். ஒவ்வொரு மரமாகத் தேடிப் பறப்பது பழைய காலத்து வழியாம். இப்போதெல்லாம் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நான்கு பேருக்கு நம்மைத் தெரிந்தால் பழ மரம் தானாக நம்மைத் தேடி வருமாம். அதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றனவாம்.

ஒன்று கூப்பிடு பாறை. காலையில் அதன் முன்னால் நின்று, நான் யார், என்னால் என்ன முடியும் என்று உரக்கக் கூவ வேண்டும். பாறை அதை வாங்கிப் பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும். கேட்டவர்கள் அங்கங்கே இருந்து ‘ஓ’ என்று பதில் கொடுப்பார்கள். நிறைய ‘ஓ’ வாங்கியவர் பெரிய ஆள். மற்றவர்களுக்கு நாம் ‘ஓ’ போட்டால்தான் நமக்கு அவர்கள் போடுவார்கள்.

மற்றொன்று உப்புமண் மேடு. மாலையில் பறவைகளும் விலங்குகளும் அங்கே கூடும். புதிதாகச் சந்திப்பவர்கள் ஓர் இறகையோ ஒரு பிடி ரோமத்தையோ அடையாளமாக மாற்றிக்கொள்வார்கள்.

“பழம் எங்கே?” என்று கேட்டாள் கொன்றை.

சேந்தன் இரண்டே பழங்களை நீட்டினான். “கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. அப்புறம் பாரு” என்றான்.

மறுநாள் அவன் பாறைக்குப் போனான். தன் பொந்துக்குள்ளிருந்தே கொன்றை அவன் குரலைக் கேட்டாள். அவள் நினைத்தது வேறு. வீட்டில் குஞ்சு பசியோடு இருக்கிறது, பழ மரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பான் என்றே நினைத்தாள். ஆனால் பாறை எதிரொலித்ததோ இப்படி:

“நான் தெற்குச் சரிவுச் சேந்தன்! இந்த மலையில் பழுத்திருக்கும் மரம் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்!”

பள்ளத்தாக்கெங்கும் ‘ஓ’ எழுந்தது.

அவன் வந்ததும், “ஏங்க, ஒரு மரங்கூடத் தெரியாமத்தானே நாம தவிக்கிறோம்? எதுக்கு அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டாள்.

“பசிக்குதுன்னு சொல்றவன் பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்களாம், கொன்றை. கருமந்தி சொல்லிச்சு. தெரியும்னு சொன்னாத்தான் தெரிஞ்சவங்க நம்மகிட்ட வருவாங்க. அங்க எல்லாருமே அப்படித்தான் கூவுறாங்க.”

“எல்லாருமேவா?”

“எல்லாருமேதான்.”

கொன்றைக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் இருட்டுப் பொந்துக்குள் உட்கார்ந்திருக்கும் தனக்கு வெளியுலகம் என்ன தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அதன் பிறகு சேந்தனுக்கு நேரமே இல்லை. பழம் தேட வேண்டிய காலைப் பொழுது பாறையில் போனது. மற்றவர்களுக்கு ‘ஓ’ போட்டுப் போட்டு அவன் தொண்டை கட்டிக்கொண்டது. மாலைப் பொழுது உப்புமண் மேட்டில் போனது. நடுவில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அருகிலேயே எதையாவது பொறுக்கிக்கொண்டு வந்தான். ஒரு நாள் பல்லி. ஒரு நாள் வண்டு. பல நாள் வெறும் செய்தி.

மலையணிலிடம் பேசினானாம். அது மிகவும் அன்பாகப் பேசியதாம். கட்டாயம் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும் என்றதாம். குக்குறுவான் பறவை இவன் பெயரை ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறதாம். இவன் கொடுத்த இறகைப் பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னதாம். இப்படி இறகு கொடுத்துக் கொடுத்து அவன் வால் மெலிந்துபோயிருந்தது.

ஒரு நாள் அவன் துள்ளிக்கொண்டு வந்தான். உப்புமண் மேட்டுக்கு யானைப் பெரியவரே வந்துவிட்டாராம். முட்டி மோதிக்கொண்டு கிட்டே போய்ப் பேசிவிட்டானாம்.

“என்ன சொன்னார் தெரியுமா? ‘பார்ப்போம்’னு சொன்னார். என்னைப் பார்த்து, என்கிட்டயே சொன்னார்!”

“அந்தப் ‘பார்ப்போம்’ல எத்தனை பழம் இருந்துச்சு?” என்றாள் கொன்றை.

சேந்தனுக்கு முகம் சுண்டிவிட்டது. உனக்காகத்தானே இவ்வளவு அலைகிறேன் என்றான். அதுவும் உண்மைதான். அவன் இளைத்துப் போயிருந்தான். கொன்றை தன் பங்குப் பல்லியையும் குஞ்சுக்கே கொடுத்துவிட்டு, சுவரில் அலகைச் சாய்த்துக்கொண்டாள். குஞ்சின் கத்தல் இப்போது முனகலாகிவிட்டிருந்தது.

சில நாட்கள் கழித்து, ஒரு மாலையில், மரத்தில் கனமாக ஏதோ வந்து உட்கார்ந்தது. சேந்தன்தான் என்று கொன்றை அவசரமாக அலகை நீட்டினாள். சேந்தன் இல்லை. வேறோர் ஆண் இருவாச்சி. வயதில் இளையவன். எலும்பும் தோலுமாக இருந்தான்.

“அண்ணி, சேந்தன் அண்ணன் வீடு இதுதானே? என் பேரு அதியன். மேற்குச் சரிவுலருந்து வர்றேன். அண்ணன் இருக்காரா?”

அவர் உப்புமண் மேட்டில்தான் இருப்பார், அங்கே போனால் பார்க்கலாம் என்றாள் கொன்றை.

“அங்க கூட்டத்துல யாரு எவருன்னே தெரியல, அண்ணி. என் வீட்டுக்காரி பொந்துல இருக்கா. குஞ்சு பொரிஞ்சிருச்சு. பழம் எங்கேயும் கிடைக்கல. எல்லா மரமும் தெரிஞ்ச ஒரு ஆளு இருக்காருன்னு குக்குறுவான் சொல்லிச்சு. அதுக்கு மலையணில் சொல்லியிருக்கு. மலையணில் பாறையில கேட்டதாம். தேடித் தேடி இப்பத்தான் வீட்டைக் கண்டுபிடிச்சேன். ஒரே ஒரு மரம் காட்டச் சொல்லுங்க அண்ணி, போதும்.”

“தம்பி, நீயும் பாறையில கூவுனியா?” என்று கொன்றை மெல்லக் கேட்டாள்.

அதியன் தலையைக் குனிந்துகொண்டான். “கூவுனேன். மேற்குச் சரிவு மரமெல்லாம் தெரியும்னு கூவுனேன். அப்படித்தான் சொல்லணும்னு கருமந்தி சொல்லிச்சு.”

அப்போதுதான் சேந்தன் வந்து சேர்ந்தான். அவன் அலகில் பழம் இல்லை. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. விருந்தாளியைக்கூடச் சரியாகக் கவனிக்காமல் இடுக்கருகே வந்து பேசத் தொடங்கினான்.

“கொன்றை, நம்ம கஷ்டம் தீர்ந்துச்சு. மலையில இருக்கிற எல்லா மரமும் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காராம். நாளைக்கு எனக்கு அறிமுகம் பண்ணி வைக்கிறேன்னு குக்குறுவான் வாக்குக் கொடுத்திருக்கு.”

“அவர் பேரு என்ன?”

“பேரு அதுக்கும் மறந்துபோச்சு. ஒரு இருவாச்சியாம். தெற்குச் சரிவுல இருக்காராம். மனைவி பொந்துல இருக்காங்களாம்.”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான்.

“உங்களைத்தாங்க சொல்றாங்க” என்றாள் கொன்றை.

சேந்தன் அதியனைப் பார்த்தான். அதியன் சேந்தனைப் பார்த்தான். அதியன் எதற்காக வந்திருக்கிறான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“தம்பி, எனக்கு ஒரு மரமும் தெரியாது” என்றான் சேந்தன். பாறைக்குப் போக ஆரம்பித்த பிறகு வெளியாளிடம் அவன் பேசிய முதல் உண்மை அது.

“எனக்கும் தெரியாதுண்ணே” என்றான் அதியன்.

இருவரும் அதற்கு மேல் நேரம் கடத்தவில்லை. ஆளுக்கு ஒரு திசையாகப் பிரித்துக்கொண்டார்கள். யாருக்கு முதலில் மரம் கிடைத்தாலும் மற்றவருக்குக் குரல் கொடுப்பது என்று பேசிக்கொண்டு பறந்தார்கள்.

கொன்றை குஞ்சைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அப்பா பழம் கொண்டுவருவார் என்று அதன் காதில் சொன்னாள். குஞ்சு ஒரு முறை வாயைத் திறந்தது. கொடுக்க ஒன்றுமில்லை. திறந்த வாயை அது தானே மூடிக்கொண்டது. அதன் பிறகு திறக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறியபோது சேந்தன் வந்தான். தொண்டை புடைத்திருந்தது. மூச்சு வாங்கியது.

“கிடைச்சிருச்சு, கொன்றை! வடக்குச் சரிவுல, ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய அத்தி. தூரங்கூட இல்ல.”

இடுக்கு வழியே பழத்தை நீட்டினான். கொன்றை வாங்கினாள். பழக்கத்தில் குஞ்சின் பக்கம் திரும்பினாள். பிறகு பழத்தைக் கீழே வைத்தாள்.

வெளியே சேந்தன் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். மரத்தடி முழுவதும் பழம் உதிர்ந்து அழுகிக் கிடந்ததாம். குளவிகள் மொய்த்தனவாம். கீழ்க்கிளைகளில் மிச்சம் இருந்ததைத்தான் அவன் பறித்து வந்தானாம். கூப்பிட்டதும் அதியனும் வந்து வாய் நிறைய எடுத்துப் போனானாம். அங்கே மேய்ந்துகொண்டிருந்த கேளையாடு அவனைப் பார்த்து வியந்ததாம். மரம் பழுத்துக் கொட்டி நாளாகிறது, இந்த வருஷம் ஏனோ ஒரு பறவையும் இந்தப் பக்கம் வரவில்லை என்றதாம்.

“எல்லாரும் பாறையிலயும் மேட்டுலயும் இல்ல இருந்தோம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பழத்தை நீட்டினான். “இந்தா. குட்டிக்கு முதல்ல கொடு. ஏன் அது கத்தவே இல்ல?”

கொன்றை பழத்தை வாங்கவில்லை.

“கொன்றை, ஏன் கத்தல?”

“இனிமே ஒருத்திக்குக் கொண்டுவந்தாப் போதுங்க” என்றாள் அவள்.

நீட்டிய பழம் அவன் அலகிலேயே நின்றது. அவளுக்குச் சிறகு முளைக்க இன்னும் நாள் இருந்தது. அதுவரை அந்த இருட்டை விட்டு அவள் வெளியே வர முடியாது. அவன் உள்ளே போகவும் முடியாது. கடைசியில் கொன்றை அலகை நீட்டி அந்தப் பழத்தை வாங்கிக்கொண்டாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அதை அப்படியே வாயில் வைத்திருந்தாள்.

தங்கள் தேவையை மறைத்துத் தங்கள் பெருமையை மட்டும் பேசுபவர்கள் கூடும் இடத்தில் ஆயிரம் பேர் அறிமுகமானாலும், உதவிக்கு ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார்.