கறுப்பு வண்டியில் வட்டக் கோடுகள்

"தினமும் நான்தான் தாயி கழுவுதேன். வேற ஒரு கை அந்த வண்டி மேல பட்டது கிடையாது. அப்புறம் எப்படி இந்தக் கோடு விழுந்துச்சு?"

இசக்கியப்பன் இப்படிக் கேட்டபோது சலேத் தன் வண்டி கழுவும் ஷெட்டில் ஒரு ஜீப்பின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற கை படலைன்னு நீங்களே சொல்லிட்டீங்களே அண்ணாச்சி."

அவ்வளவுதான். மறுபடியும் சக்கரத்துக்குக் குனிந்துகொண்டாள்.

தான் கேட்டது அவளுக்குப் புரியவில்லை என்று இசக்கியப்பன் நினைத்தார். விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடைபோடும் மேடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் மனைவி வேலம்மாளுக்குக் குடலில் ஓட்டை விழுந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்துப் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் நாச்சியார்தான் கத்தி எடுத்தது. ஆபரேஷன் முடிந்த பிறகும் மூன்று நாள் அந்த அம்மா கட்டிலை விட்டு அதிக தூரம் போகவில்லை. நாலாம் நாள் வேலம்மாள் கண்ணைத் திறந்து, வீட்டில் தண்ணி வருகிறதா என்று கேட்டாள்.

இசக்கியப்பன் டாக்டர் வீட்டுக்கு ஒரு கூடை பழம் கொண்டு போனார். டாக்டர் வாங்கவில்லை. பட்டுப் புடவை கொண்டு போனார். அதையும் வாங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பும்போதுதான் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். கறுப்புக் கார். அதன் மேல் நிலக்கரித் தூசியும் உப்பளக் காற்றும் சேர்ந்து ஒரு போர்வை போல் படிந்திருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு வாளியோடும் பழைய வேட்டித் துணியோடும் போய் நின்றார். டாக்டர் கதவைத் திறந்து பார்த்தார். தடுக்காமல் உள்ளே போய்விட்டார். அதற்கு அடுத்த நாளிலிருந்து கேட் பூட்டாமல் கிடந்தது.

பதினோரு மாதம். மழை நாளிலும் போனார்.

நேற்று மத்தியானம் வேலம்மாளைக் காட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கார் வெயிலில் நின்றது. பானெட்டில் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி, வட்டம் வட்டமாக, சிலந்தி வலை பின்னியது மாதிரி ஆயிரம் கோடுகள். விடிந்தும் விடியாத வெளிச்சத்திலேயே கழுவிப் பழகியவருக்கு அதுவரை அது கண்ணில் பட்டதே இல்லை.

ராத்திரி சோறு இறங்கவில்லை. கறுப்பு வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் பாளையங்கோட்டை ரோட்டில் உள்ள சலேத் ஷெட்டுக்குத்தான் போவார்கள் என்று யாரோ சொன்னார்கள். காலையில் வந்துவிட்டார்.

எல்லாவற்றையும் சலேத் கேட்டாள். முப்பத்து மூன்று வயதுக்காரி. பெயிண்ட் பட்டறையில் பத்து வருஷம் நின்றுவிட்டு, பிறகு இந்த ஷெட்டைப் போட்டவள்.

"நல்லா அழுத்தித் தேய்ப்பீங்களா?"

"பின்ன? ஏனோதானோன்னு செய்யுறதுக்கா போறேன்? என் பெண்டாட்டி உயிரு தாயி அது."

சலேத் எழுந்து வந்தாள். அவர் தோளில் கிடந்த துணியை எடுத்தாள். டாக்டர் காரைத் துடைக்கிற அதே துணி. இன்னொரு கையை நீட்டினாள்.

"உங்க கண்ணாடியக் குடுங்க. தூசியா இருக்கு. துடைச்சுத் தாரேன்."

இசக்கியப்பனின் கை தானாக எழுந்து மூக்குக் கண்ணாடியைப் பொத்திக்கொண்டது.

சலேத் துணியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் துணியை விரித்துப் பார்த்தார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இழைக்குள்ளே பொடிப்பொடியாக என்னவோ மின்னியது. முப்பது வருஷம் அவர் கண்ணெதிரே லாரி லாரியாகப் போனதுதான். கரித்தூள். உப்பு. மணல்.

அங்கேயே ஒரு கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

துணியை மடியில் போட்டுக்கொண்டு, "நாந்தானா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

வீட்டுக்குப் போய் இனிமேல் அந்தக் கார் பக்கமே போவதில்லை என்று வேலம்மாளிடம் சொன்னார். வேலம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காரணம் கேட்டாள். சொன்னார். கெடுத்தது நீங்கள் என்றால் சரிசெய்யவும் நீங்கள்தானே போக வேண்டும் என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் சலேத்திடம் போய் நின்று, கற்றுத் தரச் சொன்னார்.

ஷெட்டின் பின்சுவரில் ஒரு பழைய கறுப்பு பானெட் சாய்ந்து நின்றது. விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியது. சலேத் அதன் மேல் ஒரு கைப்பிடி மண்ணைத் தூவினாள். தண்ணீர்க் குழாயை அவர் கையில் கொடுத்தாள்.

"ஊத்துங்க. தொடாதீங்க."

ஊற்றினார். பிறகு என்ன செய்ய என்று கேட்டார். மறுபடி மண்ணைத் தூவினாள்.

ஏழு நாள் இதே வேலை. டாக்டர் காருக்கும் அதுவரை தண்ணீர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள். எட்டாம் நாள் இசக்கியப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. தண்ணி ஊற்றுவதற்கு ஒரு ஆளிடம் வந்து படிக்க வேண்டுமா என்று முணுமுணுத்தார்.

அது அவள் காதில் விழுந்தது.

"தண்ணி எடுத்துட்டுப் போறத நீங்க எடுக்க வேண்டாம் அண்ணாச்சி."

அன்றைக்கு ஷெட்டுக்கு வந்த ஒரு காரில் அவர் மேலிருந்து கீழே, கூரையிலிருந்து கதவு வரைக்கும் தண்ணீர் மண்ணைக் கூட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்கப் பார்க்க, அதுவரை கண்ணில் படாதது பட்டது. மேலே இருக்கும் தூசி லேசானது. நனைந்ததும் ஓடிவிடும். கீழே சக்கரத்துப் பக்கம் ஒட்டியிருப்பதுதான் கல் மாதிரி கிடக்கும். அவர் எப்போதும் கீழேயிருந்துதான் ஆரம்பிப்பார். கீழே துடைத்த துணியோடுதான் மேலே போவார்.

ஒன்பதாம் நாள் ஷாம்பு நுரை. அதையும் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நிற்கச் சொன்னாள். வெயிலில் போட்டார், காய்ந்து திட்டுத் திட்டாகப் போயிற்று. பானெட்டை நிழலுக்கு இழுத்துப்போட்டு மறுபடி செய்தார்.

பத்தாம் நாள் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். புசுபுசுவென்று ரோமம் வைத்த கையுறை ஒன்றை அவருக்கு மாட்டிவிட்டாள். ஒரு தடவை இழுத்ததும் வெறும் தண்ணீரில் அலச வேண்டும், பிறகுதான் ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். சாயங்காலம் அந்த வெறும் தண்ணீர் வாளியைச் சாய்த்து அடியைக் காட்டினாள். ஒரு விரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது.

இசக்கியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோரு மாதம் ஒரே வாளியில் இதையே நனைத்து நனைத்துப் பூசியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

கையுறை ஒருமுறை கீழே விழுந்தது. எடுத்து உதறிவிட்டுத் தொடரப் போனார். சலேத் வாங்கிக்கொண்டாள்.

"இது இனிமே டயருக்கு."

புதிதாக ஒன்றைக் கொடுத்தாள்.

அவர் கை பழக்க தோஷத்தில் வட்டமாகவே சுற்றியது. சலேத் அவர் மணிக்கட்டைப் பிடித்து நேராக இழுத்துவிட்டாள். அவள் கையை எடுத்ததும் மறுபடி சுற்றியது.

"வட்டமாச் சுத்துனா என்ன தாயி?"

"கோடே விழாமக் கழுவ யாராலயும் முடியாது. நேரா விழுறது அவ்வளவாக் கண்ணுல படாது. வட்டமா விழுந்தா, எந்தப் பக்கம் வெயில் அடிச்சாலும் தெரியும்."

"வெள்ளை வண்டியில இப்படி இல்லையே."

"அதுலயும் இருக்கு. அது சொல்லாது. கறுப்பு சொல்லிரும்."

கடைசியாகக் கைதான் மிச்சம் இருந்தது. எத்தனை சொன்னாலும் அவர் கை அழுத்தியது. அழுத்தாவிட்டால் வேலை செய்த மாதிரியே அவருக்கு இல்லை. சலேத் ஒரு டார்ச் விளக்கை அடித்துக் காட்டுவாள். பானெட்டில் புதிதாக ஒரு வளையம் இருக்கும்.

ஒருநாள் சலேத் தன் கையில் கையுறையை மாட்டிக்கொண்டு, அவர் உள்ளங்கை மேல் வைத்தாள்.

"எடை போட்டவர்தானே நீங்க. எவ்வளவு இருக்கும், சொல்லுங்க."

இசக்கியப்பன் கண்ணை மூடினார். பிறகு சொன்னார்.

"கால் கிலோ. அதுக்கு மேல இல்ல."

"கையோட கனம் அவ்வளவுதான். அதுக்கு மேல வர்றது எல்லாம் நீங்க."

இசக்கியப்பன் பானெட்டுக்குப் போனார். ஷாம்பு நுரையில் கையை வைத்தார். வைத்தார், அவ்வளவுதான். பிறகு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல இழுத்தார். அலசினார். இழுத்தார். தண்ணீர் ஊற்றி, மெத்தென்ற பெரிய துண்டை மேலே விரித்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்தார்.

சலேத் டார்ச் அடித்தாள். புது வளையம் இல்லை.

அவள் விளக்கை அணைத்துவிட்டு, டாக்டர் வண்டியை ஒருநாள் கொண்டு வரச் சொன்னாள். பாலிஷ் போட்டால் பழைய கோடுகள் முக்கால்வாசி போகும். ஆனால் ஒவ்வொரு பாலிஷுக்கும் மேல்பூச்சு கொஞ்சம் தேயும், அடிக்கடி செய்ய முடியாது. அதனால்தான் முதலில் கை பழக வேண்டியிருந்தது என்றாள்.

வண்டியைக் கொண்டுவர வேண்டுமானால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"நீங்க சொல்லக் கூடாதா தாயி? உங்க வாயால சொன்னா நல்லா இருக்கும்."

"நான் கழுவலையே அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை காலை இசக்கியப்பன் டாக்டர் வீட்டு வாசலில் நின்றார். டாக்டர் உள்ளே வரச் சொல்லியும் போகவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். துணியைப் பற்றி, ஒரே வாளியைப் பற்றி, வட்டத்தைப் பற்றி. நீங்கள் செய்ததற்கு நான் செய்த கைம்மாறு இதுதான் அம்மா என்றார்.

டாக்டர் நாச்சியார் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை.

"எனக்கு ரெண்டாவது மாசமே தெரியும் அண்ணாச்சி."

இசக்கியப்பன் தலையைத் தூக்கினார்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல."

டாக்டர் கார் சாவியை எடுத்து வந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஆபரேஷன் செய்து பிழைக்காமல் போனவர்களின் வீட்டார் முகமெல்லாம் காலையில் கண் விழித்ததும் வந்து நிற்குமாம். எழுந்திருக்கவே பிடிக்காதாம். இந்தப் பதினோரு மாதமாக அதற்கு முன்னாலேயே வாசலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுவிடுகிறதாம்.

"அதக் கேட்டா, வேலம்மா இன்னிக்கும் எந்திரிச்சிருக்காங்கன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருவேன்."

சாவியை அவர் கையில் வைத்தார்.

இசக்கியப்பன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கும்பிட்டார். டாக்டரும் கும்பிட்டார்.

அவருக்குக் கார் ஓட்ட வராது. கார் ஓட்டத் தெரிந்த தெருமுனை ஆட்டோக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சலேத் காரைச் சுற்றி வந்து பார்த்தாள். பாலிஷ் மிஷினை எடுத்துவைத்தாள். பிளக்கை மாட்டப் போகும்போது, டாக்டர் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

இசக்கியப்பன் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சலேத் பிளக்கைக் கீழே வைத்துவிட்டு, டாக்டர் காரின் பானெட்டில் இருந்த வட்டக் கோடுகளைக் குனிந்து பார்த்தாள்.

"இனிமே நான் எப்படித் தாயி கழுவணும்? சொல்லுங்க."

"கை அதே கால் கிலோதான் அண்ணாச்சி," என்றாள் சலேத். "தண்ணிய மட்டும் கொஞ்சம் சத்தமா ஊத்துங்க."