எழுபது வளைவும் ஒரு பழைய கார்டும்

நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடியறையில், ஜெசிந்தா என்றொரு குரு இருந்தாள். வயது முப்பத்தொன்று. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பாள்; கேட்டு வருபவருக்குக் கற்றும் கொடுப்பாள். கேட்டு வந்தவர் ஒரே ஒருவர்தான். செங்கோடன். வயது அறுபத்தொன்று. கொல்லிமலை பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை ஐயா என்பாள்.

அவர் கற்க வந்தது கண்டக்டர் தஸ்தகீருக்காக. இரண்டு பேரும் இருபத்திரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடியவர்கள். இருவரும் ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக நின்றபோது தஸ்தகீர் சொன்னார்: "விசில் ஊதியே ஓஞ்சு போனேன் செங்கோடா. ஒரு நாளாவது அந்த ஸ்டியரிங்கைத் தொட விட்டியா நீ?"

அந்த வார்த்தை செங்கோடனைத் தூங்க விடவில்லை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு வரை, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்யக் கிளம்பினார். ஒன்றரை வருஷம் ஆனது. எந்த வளைவில் பாறை துருத்தும், எதில் குரங்கு உட்காரும் என எல்லாம் நினைவிலிருந்தே வரைந்தார்.

ஓட்டத்தான் முடியவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் படத்தைத் திரையில் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மூன்றாம் வளைவு வந்ததும் பஸ் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

கார்டு வாங்குவதற்காக ஒரு நோட்டுப் போட்டார். பழைய கார்டுகள் இடப்பக்கம், புதியவை வலப்பக்கம். மெமரி எத்தனை, கோர் எத்தனை, வேகம் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று கட்டம் கட்டமாக எழுதினார். ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், அதைவிடப் பெரியது அடுத்த மாதம் வருகிறது என்று செய்தி வரும். இன்னொரு கட்டம் போடுவார். நான்கு மாதம் போனது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அவர் நோட்டோடு மாடியேறி வந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகமுங்க. இந்தப் பழசுல மெமரிக்குப் போற பாதை இருநூத்தி அம்பத்தாறு. புதுசுல பாதிதான், நூத்தி இருபத்தெட்டு. ஆனா புதுசுதான் வேகம்னு போட்டிருக்கான். எப்படிங்க?"

"ரோடு பாதிதானுங்க. வண்டி ரெண்டு மடங்குக்கு மேல பறக்குது. அவசரத்துக்கு வேண்டியதைப் பக்கத்துலயே வேற வச்சுக்குது."

அவர் முகம் மலர்ந்தது. உடனே எழுதிக்கொண்டார்.

"அப்ப எதைத்தானுங்க வாங்கறது?"

ஜெசிந்தா நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டினாள்.

"தஸ்தகீர் ஐயா மஸ்கட்டுக்கு மக வீட்டுக்குப் போறாருன்னீங்களே. எப்பங்க?"

"நாளைக்குக் காலைல. இனி அங்கதான்."

அவள் எழுந்து மேஜையின் அடி டிராயரைத் திறந்தாள். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த கார்டு ஒன்று கிடந்தது. எட்டு வருஷப் பழசு. மெமரி இரண்டு ஜிபி. பிரஷ்ஷால் தூசியைத் தட்டி அவரிடம் நீட்டினாள்.

"போய் உங்க கம்ப்யூட்டரை எடுத்துட்டு வாங்க. இதை நீங்களே மாட்டுங்க."

"டீச்சர், இது என் நோட்டுலயே இல்லீங்களே!"

"உங்க நோட்டுல இருக்கறது எதுவும் இந்த டிராயர்ல இல்லீங்களே."

அவர் ஆட்டோவில் போய்க் கம்ப்யூட்டரையும், விளையாட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த சின்ன ஸ்டியரிங்கையும் எடுத்து வந்தார். கார்டை மாட்டினார். கார்டின் மின்விசிறி ஒரு முறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. திரை எழுந்தது, பஸ்ஸும் எழுந்தது, ஆனால் திக்கித் திக்கி நகர்ந்தது. ஜெசிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நிழலை எடுத்துடலாங்களா?"

"எடுங்க."

"மரத்துல இலை பாதி போதுங்களா?"

"போதுமுங்க."

"தூரத்து மலை வேண்டாம்."

"ஐயோ, அப்புறம் என்னதானுங்க மிச்சம்?"

"ரோடு."

பஸ் ஓடியது. மூன்றாம் வளைவைத் தாண்டியது. செங்கோடன் போனை எடுத்து, "தஸ்தகீரு, கட்டற பெட்டியை அப்படியே போட்டுட்டு வா" என்று கத்தினார்.

தஸ்தகீர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மேஜையில் பொருத்தியிருந்த சின்ன ஸ்டியரிங்கைப் பார்த்தார். திரையில் காரவள்ளி செக்போஸ்ட்டைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

செங்கோடன் அவர் பின்னால் போய் நின்றுகொண்டு இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். "போலாம், ரைட்!"

இரண்டாம் வளைவிலேயே தஸ்தகீர் பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கினார்.

"ஏய்யா, நாப்பது பேரு உள்ள இருக்காங்க!" என்று கத்தினார் செங்கோடன்.

"எல்லாரையும் ஏத்திட்டு மறுபடி வா, இப்ப நீதானே கண்டக்டர்!"

மறுபடி வந்தார்கள். பத்து, இருபது. வளைவுக்கு வளைவு தஸ்தகீர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. கீழே டீக்கடையில் நின்றவர்கள் சத்தம் கேட்டு மாடிப்படியில் கூடிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டியதும் திரையின் ஓரமெல்லாம் வெளுத்தது. தூரத்து மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

"அடடா, பனி இறங்கிடுச்சே!" தஸ்தகீரின் குரல் இளகியது. "மார்கழிப் பனியை எப்படிய்யா இதுக்குள்ள கொண்டு வந்தே?"

விளக்கம் சொல்லச் செங்கோடன் வாயைத் திறந்தார். ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"லைட்டைப் போட்டு மெதுவாப் போ" என்றார்.

எழுபதாம் வளைவு. சோளக்காடு. படியில் நின்றவர்கள் கை தட்டினார்கள். தஸ்தகீர் ஸ்டியரிங்கை விட்டு எழவே இல்லை. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நாளைக்கு விமானத்துல அந்த டிரைவரைப் பார்த்துச் சொல்லப்போறேன், நானும் டிரைவர்தான்னு."

செங்கோடனைக் கட்டிக்கொண்டார். பிறகு பெட்டி கட்டப் போனார்.

கூட்டம் கலைந்தது. அறை அமைதியானது. செங்கோடன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உள்ளதைச் சொல்லுங்க டீச்சர். அடுத்த மாசம் வரப்போறது இதைவிட வேகந்தானே?"

"பத்து மடங்கு வேகமுங்க ஐயா" என்றாள் ஜெசிந்தா. "ஆனா முதல்ல வந்து சேர்ந்தது இதுதானுங்க."