திருமேனியின் மிதவை

கேள்வி கேட்கத்தான் திருமேனி வானிலை நிலையத்தின் படிகளில் ஏறினான். கேட்டபோது அது சண்டை மாதிரி வந்து விழுந்தது.

"எச்சரிக்கை சொல்ற உரிமை உங்க ஆபீஸுக்கு மட்டும் ஏன் மேடம்?"

மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்த்தார். சங்குமேட்டுக் கடற்கரையில் இருந்த அரசு வானிலை நிலையத்துக்கு அவர்தான் தலைவர். வயதில் அவனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனால் காற்றழுத்தக் கோடுகளைப் படிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதனால் அவன் மனதுக்குள் அவருக்கு ஒரே பெயர்: ஆசிரியர்.

"உட்காரு" என்றார்.

அவன் உட்காரவில்லை.

"காலையில கலெக்டர் கூட்டத்துல என்னைப் பேசவே விடல. தனியார்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டாங்க. உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியுது. தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. ஒருகாலத்தில் அவனும் இதே அறையில் வேலை பார்த்தவன்தான். ஒரு கருவி கெட்டுப்போனால் மாற்றுக் கருவி வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடுகிறது என்று சலித்துப்போய் வேலையை விட்டான். சொந்தமாக முன்னறிவிப்பு நிறுவனம் தொடங்கினான். காற்றாலைக் கம்பெனி ஒன்று அவனை நம்பிப் பணம் போட்டது. அந்தப் பணத்தில், நடுக்கடலில் மிதந்தபடியே காற்றையும் அழுத்தத்தையும் அளந்து அனுப்பும் மிதவை ஒன்றை இறக்கினான். அரசு மிதவையும் அதே கடலில்தான் கிடந்தது. சில நாட்களாக அதிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. பழுது பார்ப்பதற்கான கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று ஆசிரியருக்கே தெரியாது.

"என்ன தெரிஞ்சது?" என்று கேட்டார் ஆசிரியர்.

"உங்க தலைமை அலுவலகம் நாளைக்குத்தான் காத்துன்னு சொல்லுது. இல்ல. இன்னைக்கே வரும். நாலு மணிக்குள்ள."

"யாருக்குச் சொன்னே?"

"காற்றாலைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. இறக்கையெல்லாம் நிறுத்திட்டாங்க. எனக்குக் காசு கொடுக்கிற உப்பளத்துல தார்ப்பாய் போட்டு மூடிக்கிட்டு இருக்காங்க."

"கடல்ல இருக்கிறவங்களுக்கு?"

"அதைச் சொல்ற உரிமைதானே எனக்கு இல்லைன்றீங்க!"

ஆசிரியர் எழுந்தார். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் மூலையில் இருந்த ஒலிபரப்புக் கருவியின் முன்னால் போட்டார். கரையிலிருந்து படகுகளோடு பேசுவதற்கான கருவி அது. மைக்கை எடுத்து மேஜையின் விளிம்பில் வைத்தார்.

"வா. எல்லாப் படகும் கேட்டுக்கிட்டுதான் இருக்கும். சொல்லு. உன் அளவையும் இந்தப் பக்கம் காட்டு, நானும் பார்க்கிறேன்."

திருமேனி அசையவில்லை.

"அளவை வெளியே தரக் கூடாதுன்னு கம்பெனியோட ஒப்பந்தம் இருக்கு மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. காலையிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அளவைக் கேட்காமல் தன் சொல்லை மட்டும் ஊர் நம்ப வேண்டும்.

ஆசிரியர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே நல்ல வெயில். கடல் தகடு மாதிரி கிடந்தது.

கருவி கரகரத்தது.

"மேடம், விடிவெள்ளி படகுல இருந்து பேசுதேன். பெலிக்ஸு. இங்க நல்ல பாடு, மீனு குவியுது. இன்னும் கொஞ்சம் வடக்க போய் இன்னொரு வலை விடலாம்னு பாக்கோம். கடல் எப்படி இருக்கும்?"

ஆசிரியர் திரும்பவில்லை. கருவி மறுபடியும் கேட்டது.

"மேடம், இருக்கீகளா?"

திருமேனி நாற்காலியைப் பார்த்தான். பிறகு மடிக்கணினியைத் திறந்து, மிதவையின் அளவுகள் ஓடும் பக்கத்தை ஆசிரியரின் மேஜைமேல் வைத்தான். போய் உட்கார்ந்து மைக்கை எடுத்தான்.

"வடக்க போகாதீங்க. எல்லாரும் உடனே கரைக்குத் திரும்புங்க. நாலு மணிக்குள்ள காத்து வருது."

"யாரு பேசுறது?"

"திருமேனி."

"காத்தாலைக்கு வேலை பாக்குற அண்ணாச்சியா?" பெலிக்ஸின் குரலில் சிரிப்பு இருந்தது. "வெயிலு மண்டையப் பொளக்கு. வலை பூரா தண்ணிக்குள்ள கெடக்கு. இதை இழுத்து முடிக்கவே நேரமாகும். வெட்டிட்டு வரச் சொல்லுதீகளா? இது ஆபீஸ் சொல்லுதா, நீங்க சொல்லுதீகளா?"

திருமேனி மைக்கைப் பிடித்தபடி மடிக்கணினியைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்காக ஒருவன் தன் வலையை அறுத்துவிட்டு வர வேண்டுமென்றால், அதற்கு வேறு ஏதோ வேண்டியிருந்தது. அது அவனிடம் இல்லை.

இதற்குள் ஆசிரியர் அளவுகளைப் பார்த்து முடித்திருந்தார். அழுத்தக் கோடு கிணற்றில் விட்ட கயிறு மாதிரி இறங்கியிருந்தது. அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து மைக்கில் பேசினார்.

"பெலிக்ஸ், ஆபீஸ் சொல்லுது. வலையை விட்டுட்டு வா. பக்கத்துல இருக்கிற எல்லாப் படகையும் கூட்டிட்டு வா."



"சரி மேடம்" என்றது அந்தக் குரல். சிரிப்பு போயிருந்தது.

சற்று நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் கத்தியது திருமேனிக்கும் கேட்டது. யாரைக் கேட்டுப் படகுகளைத் திருப்பினீர்கள், எந்த மிதவை, யாருடைய அளவு?

"அளவு தனியாரோடது சார்" என்றார் ஆசிரியர். "எச்சரிக்கை என்னோடது. தப்பாப் போச்சுன்னா என்னைக் கேளுங்க."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினார். வா என்று அவனைக் கூப்பிடவில்லை. அவனாகப் பின்னால் போனான்.

நாலு மணிக்குள் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. காற்று வரவில்லை.

வெயில் அப்படியே அடித்தது. படகிலிருந்து இறங்கியவர்கள் ஆசிரியரைச் சூழ்ந்துகொண்டார்கள். பாதிப் பேர் வலையை அறுத்துவிட்டு வந்தவர்கள். மீனும் போயிற்று, வலையும் போயிற்று. பெண்களும் கூடைகளோடு வந்து சத்தம் போட்டார்கள். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பிழைப்பில் விளையாடுகிறீர்களா என்று ஒருத்தி கேட்டாள்.

ஆசிரியர் நகரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நான்தான் கூப்பிட்டேன். இன்னொரு தடவை இப்படி இருந்தாலும் கூப்பிடுவேன்."

"காத்து எங்க?" என்று கேட்டான் பெலிக்ஸ். அவன் உள்ளங்கையில் கயிறு உரசிய தடம் சிவந்திருந்தது. "நாலு மணின்னீக. எங்க காத்து?"

திருமேனி கூட்டத்துக்கு வெளியே, ஐஸ் லாரியின் நிழலில் நின்றிருந்தான். அவனை யாரும் கவனிக்கவில்லை. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். காற்றாலைக்காரர்கள் அவனிடம் இப்படிக் கேட்டதே இல்லை. முன்னறிவிப்பு தவறினால் மாதக் கடைசியில் ஒரு கூட்டம் நடக்கும். அதில் காபி கொடுப்பார்கள்.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் ஆசிரியரின் பக்கத்தில் நின்றான்.

"நாலு மணின்னு சொன்னது நான். கணக்கு என்னோடது. மேடத்தைக் கேட்காதீங்க, என்னைக் கேளுங்க."

எல்லோரும் அவனைக் கேட்டார்கள். அதுவரை அவனை யாரும் அப்படி ஏசியதில்லை. அவன் நின்று கேட்டுக்கொண்டான். மேற்கே உப்பளத்துப் பக்கம் மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டான். மூடிய தார்ப்பாய்கள் அசையாமல் கிடந்தன. தப்பாகவே போய்விட்டதோ என்று நினைத்தான். ஆனாலும் கால்களை அங்கேயே ஊன்றிக்கொண்டான்.

கத்திக் கத்தி அவர்கள் ஓய்ந்து, வீட்டுக்குப் போகத் திரும்பிய நேரத்தில் கடலின் நிறம் மாறியது. முதலில் ஒரு குளிர் வந்தது. அடுத்து, கூடைகள் உருண்டன. யாரோ "கயித்தைப் பிடி!" என்று அலறினார்கள். கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதின. ஏலக்கூடத்தின் தகரக் கூரை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு எழுந்தது. தூரத்தில், சற்று முன்வரை கடல் தகடு மாதிரி கிடந்த இடத்தில், தண்ணீர் எது மழை எது என்று தெரியவில்லை.

திருமேனியும் ஒரு கயிற்றைப் பிடித்தான். எல்லாப் படகையும் இறுக்கிக் கட்டி முடித்தபோது அவனும் தொப்பலாக நனைந்திருந்தான்.

பெலிக்ஸ் ஏலக்கூடத்தின் தூணில் சாய்ந்து, தன் வலை கிடந்த திசையைப் பார்த்தபடி நின்றான். நன்றி சொல்லவில்லை.

"நேரத்தைச் சரியாச் சொல்லியிருந்தீகன்னா வலையும் வந்திருக்கும் அண்ணாச்சி" என்றான்.

"ஆமா" என்றான் திருமேனி.

அவன் கைபேசி அடித்தது. காற்றாலைக் கம்பெனியின் மேலாளர். எங்கள் மிதவையின் அளவு எப்படி வெளியே போனது என்று கேட்டார். திருமேனி நிதானமாகப் பேசினான்.

"நான்தான் கொடுத்தேன் சார். ஆள் சாகிற மாதிரி காத்து வந்தா இனிமேலும் கொடுப்பேன். அதுக்குச் சம்மதம்னா ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுவோம். இல்லைன்னா உங்க பணத்தைத் திருப்பித் தர வழி பார்க்கிறேன்."

யோசித்துச் சொல்வதாக அவர் வைத்துவிட்டார்.

ஆசிரியர் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். மழை கொஞ்சம் குறையட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். திருமேனி மறுபடியும் ஒன்று கேட்டான். இந்த முறை அது கேள்வியாகவே வந்தது.

"எச்சரிக்கையை எல்லாருக்கும் சும்மா கொடுத்துட்டா, காசு கொடுத்து என்கிட்ட வாங்க என்ன மேடம் இருக்கும்?"

ஆசிரியர் பெலிக்ஸ் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வலையை வெட்டிட்டு வான்னு சொல்ல என்னால முடிஞ்சது. இழுத்துட்டு வர நேரமிருக்கான்னு சொல்ல முடியல. அதைச் சொல்லக் கத்துக்கிட்டு ஒரு கடை திற. காசோட முதல் ஆளா நான் வந்து நிக்கிறேன்."