ஐந்தாவது காய்

ஆதிமூலம் மடத்துக்குத் திரும்பியபோது தலையில் கட்டிய பரிவட்டம் கலையாமல் இருந்தது. முகம்தான் செத்துக் கிடந்தது.

நரைத்த தாடிக்காரர். அரண்மனையில் வாதம் செய்து பேர் வாங்கியவர். அதையெல்லாம் உதறிவிட்டு, தம்மைவிட வயதில் இளைய செங்கமலத்தம்மையிடம் சீடராக வந்து சேர்ந்திருந்தார்.

“ஏரிக்கரை என்ன ஆயிற்று, புலவரே?” என்றார் அம்மை.

“உடைந்தபடியே கிடக்கிறது, தாயே.”

நான்கு ஊருக்கும் அது ஒரே ஏரி. ஐப்பசி மழைக்குள் உடைப்பை அடைக்காவிட்டால் வருகிற தண்ணீர் அத்தனையும் கடலுக்குத்தான். ஓர் ஊர் மட்டும் மண் சுமந்து அடைக்கக்கூடிய உடைப்பு இல்லை அது. நான்கு ஊருக்குள்ளும் பேச்சுவார்த்தையே கிடையாது. அவர்களைச் சேர்த்துவைக்கத்தான் போயிருந்தார்.

“சபை நன்றாகத்தான் கூடியது. மேலூர்க்காரர்கள் எழுந்து வந்து பரிவட்டம் கட்டினார்கள். மறுத்தால் மரியாதை இல்லையே என்று தலையைக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மற்ற மூன்று ஊரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டது.”

“என்ன சொன்னார்கள்?”

“‘மேலூரான் கட்டின தலை மேலூரானுக்குத்தான் ஆடும்’ என்றான் ஒருவன்.”

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“மறுபடி போகிறேன். விடை கொடுங்கள், தாயே.”

“ஐந்து காய் எடுங்கள். ஒவ்வொன்றும் மற்ற நான்கையும் தொடுகிறாற்போல் வையுங்கள். வைத்துவிட்டுப் புறப்படலாம்.”

ஆதிமூலம் அடுக்களைக்குப் போனார். நல்ல உருண்டையாக ஐந்து எலுமிச்சை பொறுக்கிக்கொண்டு முற்றத்து மணலில் உட்கார்ந்தார்.

மூன்றை ஒட்டிவைத்து, அவற்றின் மேல் நான்காவதை வைத்தார். நான்கும் ஒன்றையொன்று தொட்டன. இவ்வளவுதானே என்று ஐந்தாவதை எடுத்தார்.

பக்கத்தில் வைத்தார். மூன்றைத் தொட்டது; ஒன்றை விட்டது. மாற்றிவைத்தார். விட்டுப்போனதைத் தொட்டது; தொட்டிருந்ததை விட்டது. எப்படி வைத்தாலும் ஒருவருக்கு மனத்தாங்கல்.

அடுக்களையிலிருந்து பவளாயி எட்டிப் பார்த்தாள்.

“என்ன சாமி, அம்மானை ஆடுறீங்களா? ஊறுகாய்க்குப் பழத்தைக் காணோம்னு நான் பானையெல்லாம் உருட்டிக்கிட்டிருக்கேன்.”

“பொறு பவளாயி. ஒன்றே ஒன்றுதான் அடங்கமாட்டேன் என்கிறது.”

“அடங்காததைத் தலையில ஒரு தட்டு தட்டி உட்கார வைங்க.”

அவரும் தட்டினார். பழம் பிளந்து சாறு கண்ணில் தெறித்தது. அவள் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கண்ணைக் கழுவிக்கொண்டு, சிவந்த கண்ணோடு போய் இன்னொரு பழம் எடுத்துவந்தார்.

வெயில் உச்சிக்கு வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த வழியாக வந்த அம்மை நின்றார். “சாப்பிட்டுவிட்டு வைக்கலாமே?”

“மழை நான் சாப்பிடும்வரை நிற்குமா, தாயே?”

அம்மை போய்விட்டார். ஆதிமூலம் கன்னத்தை மணலில் வைத்துப் படுத்து, பழங்களின் இடுக்கு வழியே பார்த்தார். நான்குக்கும் நடுவே ஒரு பொந்து தெரிந்தது. இவ்வளவு நேரமும் வெளியிலேயே இடம் தேடிக்கொண்டிருந்தோம் என்று பட்டது.

ஆனால் அந்தப் பொந்துக்குள் எலுமிச்சை எப்படிப் போகும்?

சற்றுத் தள்ளி, பவளாயி வற்றலுக்காகச் சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அதன் பக்கம் நீண்ட ஆதிமூலத்தின் கை பாதியில் நின்றது.

“போயும் போயும் சுண்டைக்காயா!” என்று முணுமுணுத்தார். அரண்மனை வாதத்தில் எதிராளியை அவர் அப்படித்தான் அழைப்பார். சபையே சிரிக்கும்.

“வேணும்னா எடுங்க சாமி. அதுக்கு என்ன யோசனை?”

எடுத்தார். மேல்பழத்தைத் தூக்கிவிட்டு உள்ளே போட்டு மூடினார். கொஞ்சம் பெரிது, மேல்பழம் உட்காரவில்லை. வேறொன்றைப் போட்டார். அது சின்னது, உள்ளே ஆடியது. கூடை முழுவதையும் மணலில் கொட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. நான்கு பழமும் விலகவில்லை. உள்ளே இருந்ததும் அசையவில்லை.

“தாயே!”

அம்மை வந்தார். அடுக்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

“நான்குதானே இருக்கிறது?”

“ஐந்தாவது உள்ளே இருக்கிறது. நான்கையும் தொட்டுக்கொண்டு.”

“சரி. பிறகு ஏன் இன்னும் புறப்படவில்லை?”

ஆதிமூலம் தாடியைத் தடவினார். “ஒரே ஒரு குறை, தாயே. அப்படி ஒன்று இருப்பதே வெளியே தெரியவில்லை.”

“தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னேனா, புலவரே?”