குழித்தட்டை ஏமாற்றிய விருந்து

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கலாம். ஆனால் இப்போதே இல்லை. அதற்கு முன்னால் ஓர் இடுக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரு காலத்தில் தூத்துக்குடியில், ஒற்றை ஜன்னல் வைத்த ஒரு சின்னச் சமையலறையில் அந்த இடுக்கிப் பயல் இருந்தான். அடுப்பிலிருந்து இறங்கும் பாத்திரங்களையெல்லாம் கவ்விப் பிடிப்பது அவன்தான். எல்லாரையும் அவ்வளவு பக்கத்தில் போய்ப் பிடித்துப் பிடித்து, எல்லார் குரலும் அவனுக்கு அத்துப்படி. குக்கர் இரண்டு விசில் அடித்தால் மூன்றாவதை இவன் அடித்துவிடுவான். வீட்டுக்காரி ஜெசிந்தா அடுப்பை அணைத்துவிடுவாள். அன்றைக்குப் பருப்பு கல்லு மாதிரி இருக்கும். பழி குக்கர் தலையில்.

சிரிப்பு இன்னும் வரவில்லை. பொறுங்கள், குழித்தட்டு வரட்டும்.

குழித்தட்டு மேல் அலமாரியில், தான் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே குடியிருந்தாள். வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் தங்கநிறக் கோடு. கல்யாணப் பரிசாக வந்தவள். கடையில் இருந்த காலத்தில் அவள்மேல் பிளாஸ்டிக் சிங்கி இறால், அதாவது லாப்ஸ்டர், ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தார்களாம். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம்: தன்மேல் ஏறினால் அந்த மாதிரி ஆள்தான் ஏற வேண்டும். ஒருதடவை உப்புமா வைத்தார்கள், சரித்துவிட்டாள். இன்னொரு தடவை கருவாட்டுக் குழம்பு. அது முழுக்க ஜெசிந்தாவின் புருஷன் கிளாட்வின் மடியில்.

அன்று ஜெசிந்தாவுக்கும் கிளாட்வினுக்கும் கல்யாண நாள். மாதக் கடைசியும்கூட.

"ஓட்டலுக்குப் போவமா ஜெசி?" என்றான் கிளாட்வின்.

"எதை வச்சுப் போக? பேசாம இருங்க. ஓட்டலை நான் இங்க வரவைக்கேன்."

சந்தையில் இறால் உரிக்கிறவர்கள் ஒதுக்கிப் போடும் தலைகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள் அவள். உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த போனில், வெள்ளைத் தொப்பி போட்ட வெளிநாட்டுச் சமையல்காரர் ஒருவர் சூப் வைத்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு அந்தத் தட்டுலதான் சாப்பாடு. இன்னைக்கும் கொட்டுச்சுன்னா, எமல்டா மதினி புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அதையே கட்டிக் குடுத்திருவேன்."

ராத்திரிக்கு வேறு சாப்பாடு கிடையாது. தட்டு சரித்தால், கல்யாண நாளில் இரண்டு பேரும் பட்டினி. தட்டும் வீட்டை விட்டுப் போய்விடும்.

பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏலேய், என்னல சமைக்காங்க? உண்மையச் சொல்லு."

அவளுக்கு மூக்கு கிடையாது. பெட்டிக்குள் இருப்பதால் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. காதில் சத்தமாக விழுவதுதான் அவளுக்கு எல்லாம்.

"சொல்லிராதல," என்று குக்கர் கிசுகிசுத்தது. "தலைன்னு தெரிஞ்சா தலைகீழாக் கவுத்துருவா."

"விடு சித்தப்பா," என்றான் இடுக்கி. கனைத்துக்கொண்டான். போனில் இருந்த சமையல்காரர் தமிழ் பேசினால் எப்படி இருக்குமோ அப்படியே ஆரம்பித்தான். "ஓ, மேடம்! இன்று தங்கள் மேல் லபிஸ்தோ மரீனா எழுந்தருளப் போகிறது!"

"அப்படின்னா?"

"சிங்கி இறால், மேடம். இப்போதுதான் விமானத்தை விட்டு இறங்கினார்."

"பேசச் சொல்லு, பாப்போம்."

இடுக்கி சட்டியில் வறுபடும் தலைகளைப் பார்த்து மெதுவாகப் பல்லைக் கடித்தான். "மீசையை மடக்குங்கல, மூச்!" பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கனத்த குரல்: "வணக்கம், அம்மையீர். பயணக் களைப்பு. அதிகம் பேச இயலாது."

எண்ணெயில் கிடந்த இறால் தலைகள் தாங்க மாட்டாமல் படபடவென்று வெடித்துச் சிரித்தன.

"அங்க என்ன சத்தம்?"

"கைதட்டுகிறார்கள், மேடம்!"

கரண்டி அழுத்த அழுத்த, தலைகளுக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் எண்ணெயில் இறங்கிச் செக்கச்செவேலென்று ஆனது. கனிந்து குழைந்த தக்காளி சேர்ந்தது. முந்தின நாள் மிஞ்சிய சோறு தயங்கித் தயங்கி வந்தது.

"நான் யாருன்னு சொல்லட்டும்?" என்று இடுக்கியிடம் கிசுகிசுத்தது.

"நீ இத்தாலி அரிசி. வாயைத் திறக்காத."

நெய்யில் விழுந்த ரொட்டி ஓரம் இருமியது. "நான் காஞ்சு வறண்டுல்ல கிடக்கேன்?"

"பாரிசுல பெரிய மனுசங்க எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்க. நிமிந்து நில்லு."

மிக்சி அரைத்தது. வடிகட்டி வடித்தது. தேங்காய்ப்பால் இறங்கி, மேலே மிளகு தூவியதும் சூப் பட்டு மாதிரி பளபளத்தது. இடுக்கிதான் சட்டியைக் கவ்வி மேசைக்குக் கொண்டுபோனான்.

குழித்தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள் ஜெசிந்தா. ஊற்றினாள். தட்டு லேசாக ஆடியது.

"சிங்கியை எங்க காணோம்?" என்றாள் தட்டு.

"கரைந்துவிட்டார், மேடம். பெரிய இடங்களில் உருவத்தைக் காட்டமாட்டார்கள்."

"அதானே பாத்தேன்," என்று சொல்லி அவள் நேராக உட்கார்ந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "இவ்வளவு கதகதப்பா இருக்கும்னு கடையில யாருமே சொல்லல."

புருஷனும் பெண்சாதியும் ஒரே தட்டில் குடித்தார்கள். இரண்டு கரண்டியும் மோதி மோதிச் சண்டை போட்டன. கடைசியில் கிளாட்வின் ரொட்டி ஓரத்தால் தட்டைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏ ஜெசி, என்னட்டி இது! எதுல செஞ்ச?"

"எதுல? தூக்கிப் போடுற இறால் தலை, நேத்து மிஞ்சின சோறு, ரொட்டி ஓரம்."

குக்கர் விசிலை விழுங்கியது. மிச்சமிருந்த ஒரு ரொட்டி ஓரம் உப்பு ஜாடிக்குப் பின்னால் பதுங்கியது. தட்டு இருந்ததோ மேசையின் விளிம்பில். கோபத்தில் ஒரு சறுக்குச் சறுக்கினால் கீழே தரைதான்.

அவள் சறுக்கவில்லை.

"ஏலேய் இடுக்கி."

"என்னக்கா?" அது அவனுடைய சொந்தக் குரல். கீச்சென்று இருந்தது.

"நாளைக்கு என்ன பேரு சொல்லி ஏமாத்தப்போற?"